மைக் செட் ஆம்ப்பில் பேஸ் கிடார்

கோலார் தங்கவயலுக்குக் கிடார் புதிதல்ல. ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கூடிய கிளப்புகள், தேவாலயங்கள், பிறகு மெல்லிசைக் குழுக்கள் என்று கைமாறி வந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரு போய் இரவில் திரும்பும் ஊராகிவிட்டது இது. அப்படிப் போய்வரும் பையன் எப்படியோ ஒரு கிடார் வாங்கிவிடுகிறான். அதற்கேற்ற ஆம்ப்புக்குத் தனியாகப் பணம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆகவே பழைய மைக் செட் ஆம்ப்பைத் தேடுகிறான். ராபர்ட்சன்பேட்டையில் அவற்றைக் கிடாருக்குப் பக்குவப்படுத்தித் தரும் ஒருவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

சந்துக்குள் ஒற்றை ஷட்டர் கடை. கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்து ஓய்ந்த அஹுஜா ஆம்ப்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மெக்கானிக்குக்கு அறுபதை ஒட்டிய வயது; அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த வயல் இது. பெங்களூருக்கு அதற்குப் பிறகு, 1905ல்தான் கிடைத்தது. காயில் சுற்ற அப்பாவிடம்தான் கற்றேன் என்றார்.

பேஸ் கிடாரோடு வந்த பையன் ஒருவன் அதை நேராக மைக் சாக்கெட்டில் செருகினான். “அதுல வேணாம்பா, சத்தம் கிழியும். ஷார்ப்பும் இருக்காது” என்று தடுத்தார். காரணம் எளிது. மைக் தருவது ஓரிரு மில்லிவோல்ட். கிடார் பிக்கப் ஓங்கி மீட்டினால் நூற்றுக்கணக்கில் தரும். அதோடு மைக் வழியின் தடை சில கிலோ ஓம்தான். பிக்கப்புக்கு அது பெரும் சுமை. மேல் சுரங்கள் மங்கிவிடும். ஆக்ஸ் வழி பரவாயில்லை. ஆனால் அவர் அதோடு விடுவதில்லை. பி.எஃப்.டபிள்யூ.10 என்ற சிறு எஃப்.இ.டி. ஒன்றை எடுத்தார். அதன் முன்னால் பழுப்பு, கறுப்பு, பச்சைப் பட்டை போட்ட ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், பின்னால் ஒரு கண்டென்சர், ஒன்பது வோல்ட் பேட்டரி. தீப்பெட்டி அளவு பலகையில் ஈயம் வைத்து முடித்தார். மறுபடி மீட்டியபோது விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது.

அடுத்து பின்பக்கம். 100 வோல்ட் முனை தெருநெடுகக் குழாய் கட்டுவதற்கானது. 250 வாட் ஆம்ப்பில் அந்த முனை எதிர்பார்ப்பது 40 ஓம். எட்டு ஓம் பாக்ஸை அதில் மாட்டினால் கரண்டு பல மடங்கு ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அவர் மேசையிலேயே அப்படிச் செத்த 2என்3055 இரண்டு கிடந்தன. அதன் உலோக உடம்பே கலெக்டர் முனை. அடியில் மைக்கா தாள் கிழிந்திருந்தால் புதிது போட்டாலும் அதே கதிதான். அதனால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே வெள்ளைப் பேஸ்ட் தடவுகிறார்.

குழாய் ஸ்பீக்கரில் பேஸ் வாசிக்கவே கூடாது. கூம்பு தாழ்ந்த சுரத்தைத் தாங்காது; யூனிட்டின் டயாஃப்ரம் கிழியும். பாக்ஸ்தான் வேண்டும். பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். இந்த ஆம்ப்கள் பெரும்பாலும் 50க்கு மேல்தான் முழுதாகப் பேசும். ஆனாலும் காது மேல் சுரங்களை வைத்து அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்வதால், சின்னக் கூடத்தில் குறை தெரிவதில்லை.

என் காதுக்கு இவை பேஸுக்குப் பொருந்துகிற அளவு ராக் கிடாருக்குப் பொருந்தவில்லை. வால்வு ஆம்ப் திணறும்போது இனிமை பிறக்கும். டிரான்சிஸ்டர் திணறினால் கரகரப்புதான். தெளிவான கிடாருக்குக் குறையில்லை. 1975ல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸும் டிரான்சிஸ்டர் ஆம்ப்தானே. டிசம்பரில் கேரல் பாடப் போகும் வண்டியில் 12 வோல்ட் பேட்டரியில் ஓட இதைவிடத் தோதானது வேறில்லை.

ஒரு விஷயத்தில் அவர் கறார். பழைய ஆம்ப் பலவற்றில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும். கை கிடார் கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது கசிவு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று பின் வயரும் எர்த்தும் போடாமல் எந்த ஆம்ப்பையும் அவர் வெளியே அனுப்புவதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் செம்புக்காக இந்த ஆம்ப்களைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ கோயிலிலோ ஒன்று கிடந்தால், போடும் முன் இப்படியொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாசிக்க ஆம்ப் இல்லாத பையன் யாராவது பக்கத்திலேயே இருப்பான்.