குருதியின் எண்ணும் நோயாளியின் சொல்லும்

மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளியில் தமிழும் கன்னடமும் அருகருகே புழங்குகின்றன. அங்கே மனச்சோர்வுற்ற ஒருவர், "நெஞ்சு கனக்கிறது, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்கவில்லை" என்று தமிழில் கூறலாம். மருத்துவர் அதனைக் கன்னடத்தில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதியலாம். இவ்வாறு மூன்று மொழிகளைக் கடந்து தேயும் துயரத்தைவிட, ஒரு குருதிச் சோதனை நம்பத்தக்கதாக இராதா என்ற ஏக்கம் எழுவது இயல்பே.

அவ்வேக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் கார்டிசாலை அளக்கும் முறையை பெர்னார்ட் கேரலும் அவருடைய குழுவினரும் 1981இல் முன்வைத்தனர். நலமுற்றோரிடம் மருந்தின் சமிக்ஞையைப் பிட்யூட்டரி சுரப்பி ஏற்று, அட்ரினல் சுரப்பை அடக்கும். கடும் மனச்சோர்வாகிய மெலன்கோலியா உற்றோர் பலரிடம் அது அடங்கவில்லை. 'கரும்பித்தம்' எனப் பொருள்படும் பழங்கிரேக்கப் பெயருக்கு இறுதியில் ஓர் எண் கிடைத்ததாகவே தோன்றியது. ஆயினும் எடை இழப்பு, மறதிநோய் முதலிய நிலைகளிலும் சுரப்பு அடங்காமையும், மனச்சோர்வுற்றோர் பலரிடம் அது இயல்பாக அடங்குவதும் பின்னர்த் தெரியவந்தன. நோயறியும் பொதுச் சோதனையாக அது நிலைக்கவில்லை. மேலும், கார்டிசால் காலையில் உயர்ந்து நள்ளிரவையொட்டித் தாழ்வது. ஒரு வேளையின் அளவு ஒரு மனிதரின் நிலையாகாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. 54 புறநோயாளிகள் யோகம், மருந்து, இரண்டும் என மூன்று குழுக்களாக மூன்று மாதம் பின்தொடரப்பட்டனர். யோகம் மட்டும் பயின்ற 19 பேரிடம், கார்டிசால் குறைந்த அளவுக்கேற்ப ஹாமில்டன் அளவுகோலின் மதிப்பெண்ணும் குறைந்தது. குழு சிறியது, சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டதும் அன்று. ஆகவே எது காரணம், எது விளைவு என்று இதனைக்கொண்டு துணிய இயலாது.

எனினும் ஒன்று தெளிவு. அந்த எண் எதனோடு ஒப்பிடப்பட்டது? உறக்கம், பசி, குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை பற்றி நோயாளி கூறிய விடைகளோடுதான். சொல்லே உரைகல், ஹார்மோன் அதில் உரைக்கப்படும் பொன். வினாவின் மொழிபெயர்ப்பு பிழைத்தால், எத்துணை நுட்பமான ஆய்வகமும் பிழையையே அளக்கும்.

ஆகையால், கார்டிசால் இயல்பாக இருக்கிறது என்னும் அறிக்கையைக் காட்டி, நெஞ்சு கனப்பதாகச் சொல்பவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்பது அறிவியலும் ஆகாது, மருத்துவமும் ஆகாது. அவர் இன்னும் தம் சொற்களை முடிக்கவில்லை.