சோத்து மேல என்ன கோவம்?

2012 மே 7, திங்கட்கிழமை இரவு. வடமேற்கு இங்கிலாந்தில் ஈவுட் பார்க் மைதானம். விகனிடம் தோற்றால் பிளாக்பர்ன் ரோவர்ஸ் பிரீமியர் லீக்கை விட்டே இறங்கவேண்டிய நிலைமை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புல்வெளிக்குள் ஒரு கோழி ஓடியது. நிஜக் கோழி, உயிரோடு. அதன் உடம்பில் கிளப்பின் கொடியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஏன் கோழி? 2010-இல் அந்தக் கிளப்பை வாங்கியவர்கள் வெங்கீஸ். நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் நக்கெட்ஸ் பாக்கெட்டின் மேல் பெயர் பார்த்திருப்பீர்களே, அதே பூனா கோழி நிறுவனம்தான். 1995-இல் லீக் கோப்பையைத் தூக்கிய கிளப், இவர்கள் வந்து இரண்டு சீசன்கூட முழுசாக முடிவதற்குள் தடுமாறிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் கத்தினார்கள், பேனர் பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் கோழியை விட்டார்கள்.

கோழியைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். பிளாக்பர்ன் 1-0 என்று தோற்றது, இறங்கியது. 2017-இல் அதற்கும் கீழே மூன்றாவது அடுக்குக்குப் போய் ஒரு வருஷம் கழித்து இரண்டாவதுக்கு ஏறி வந்தது. பிரீமியர் லீக்குக்கு இன்னும் திரும்பவில்லை. கிளப் இன்னும் வெங்கீஸ் கையில்தான்.

எனக்கு இந்த மாதிரிக் காட்சிகள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. நல்ல கோல்களை மறந்துவிடுவேன், இவற்றை மறப்பதில்லை. கோழியை ஒரு பைக்குள் வைத்து, அது கத்தாமல் பார்த்துக்கொண்டு, டிக்கெட் காட்டி, கேட் தாண்டி உள்ளே வந்த அந்த ஆள் மனசில் என்னதான் நினைத்திருப்பான்? 'இதைப் பார்த்ததும் முதலாளிகள் பயந்து கிளப்பை விற்றுவிடுவார்கள்' என்றா? சத்தியமாக இருக்காது.

நான் ஆர்சனல். கிறுக்குத்தனத்தில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. 2017 மார்ச் 18, வெஸ்ட் ப்ரோமோடு ஆட்டம். ஆர்சன் வெங்கர் மேனேஜராகி இருபது வருஷம் தாண்டியிருந்தது. மைதானத்துக்கு மேல் ஒரு சின்ன விமானம் வந்தது. அதன் வாலில் ஒரு பேனர்: ஒப்பந்தத்தை நீட்டாதே, வெங்கர் அவுட். அன்றைக்கே இன்னொரு விமானமும் வந்தது. அதில் வெங்கரை நம்புகிறோம், மரியாதை கொடுங்கள் என்று பேனர். வானத்தில் இரண்டு கோஷ்டி. கீழே ஆர்சனல் 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மே மாதக் கடைசியில் வெங்கர் மேலும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் 'வெங்கர் அவுட்' அட்டை தனியாகப் பிழைத்துக்கொண்டது. அந்த ஏப்ரலில் அமெரிக்காவில் ரெஸில்மேனியா கூட்டத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவம்பரில் ஜிம்பாப்வேயில் முகாபேயை இறங்கச்சொல்லித் தெருவுக்கு வந்த ஜனங்களுக்கு நடுவிலும் அந்த அட்டை தெரிந்தது. முகாபே முதலில் போனார். வெங்கர் அடுத்த வருஷம்தான் போனார்.

சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் 2010-இல் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டைப் பார்த்தபிறகு முழுசாகச் சிரிக்க முடிந்ததில்லை.

அவன் மான்செஸ்டர் யுனைடெட். அந்தக் கிளப்பை 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டு கணக்கில் வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடன் கிளப்பின் தலையிலேயே விழுந்தது. புரியும்படி சொன்னால், உங்கள் வீட்டை ஒருவன் வாங்குகிறான். அதற்கான பணத்தை அந்த வீட்டையே அடமானம் வைத்துப் புரட்டுகிறான். வட்டியை வீட்டில் குடியிருப்பவர்கள் கட்டுகிறார்கள். 2010 வாக்கில் யுனைடெட் ரசிகர்கள் சிவப்பை விட்டுப் பச்சையும் பொன்னிறமும் கலந்த ஸ்கார்ஃப் போட ஆரம்பித்தார்கள். 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கிளப் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை. நாங்கள் உனக்கு முந்தியவர்கள் என்று முதலாளிக்குச் சொல்லும் வழி.

அந்த ஸ்கார்ஃபைக் கோயம்புத்தூரில் யார் விற்பார்கள்? ரூம்மேட் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனான். தெரு டெய்லரிடம் கேட்டு மிச்சம் விழுந்த பச்சை, மஞ்சள் பிளவுஸ் துணிகளை வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்து எடுத்து வந்தான். "என்னடா, மாரியம்மனுக்கு வேண்டுதலா?" என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார். கோவை வெயிலில் கழுத்தில் அதைச் சுற்றிக்கொண்டு கிளாசுக்கு வருவான். அவனிடம் இருந்த யுனைடெட் ஜெர்ஸியோ திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கின டூப்ளிகேட். அதிலிருந்து கிளேசருக்கு ஒரு பைசா போயிருக்காது. போகாத பைசாவை நிறுத்துவதற்காக ஒருத்தன் போராடிக்கொண்டிருந்தான்.

மார்ச் 10, ஏ.சி. மிலானோடு ஆட்டம். நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. மிலான் சட்டையில் பழைய ஓல்டு டிராஃபோர்டுக்குத் திரும்பி வந்திருந்தார் டேவிட் பெக்கம். யுனைடெட் 4-0 என்று ஜெயித்தது. வெளியே நடக்கும்போது கூட்டத்திலிருந்து விழுந்த ஒரு பச்சை-பொன் ஸ்கார்ஃபை எடுத்துப் பெக்கம் கழுத்தில் போட்டுக்கொண்டார். டிவி ரூமில் என் ரூம்மேட் எழுந்து நின்றுவிட்டான். பிளவுஸ் துணியைக் கையில் பிடித்திருந்தான். "பாத்தியா மச்சான், பாத்தியா" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. போராட்டத்தில் இறங்கும் எண்ணம் தனக்கில்லை என்கிற மாதிரி பெக்கம் பிறகு சொல்லிவிட்டார். அது இவனை ஒன்றும் பாதிக்கவில்லை.

கிளேசர் குடும்பம் போகவில்லை. 2021 மே 2 அன்று ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டுக்குள் புகுந்து லிவர்பூலோடு நடக்கவேண்டிய ஆட்டத்தையே தள்ளிப்போட வைத்தார்கள். அப்போதும் போகவில்லை. 2024-இல் ஜிம் ராட்கிளிஃபுக்குக் கால்பங்குக்குக் கொஞ்சம் மேல் விற்றார்கள். பெரும்பங்கு அவர்களிடமே.

இந்த இடத்தில் எனக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பழைய வீட்டை, கடன் நெருக்கி, சின்னத் தாத்தா விற்றுவிட்டார். பத்திரம் முடிந்த அன்றைக்குத் தாத்தா சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் தள்ளினார். "சோத்து மேல என்ன கோவம்? ஒங்க தம்பி கிட்டல்லா கோவிக்கணும்" என்றாள் ஆச்சி. மூன்றாம் நாள் சாப்பிட்டார். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து தினமும் போய், விற்ற வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் பேசமாட்டார். வாங்கியவர் நல்ல மனுஷர், முதலில் காப்பிகூடக் கொடுத்தார். பிறகு திண்ணைக்குக் கம்பி அடைத்துவிட்டார். தாத்தா எதிரே இருந்த ஓடைப் பாலத்துச் சுவருக்கு இடம் மாறினார்.

சாப்பிடாமல் படுப்பது எங்கே பலிக்கும்? நாம் பசியோடு இருந்தால் தூக்கம் வராத ஒருவர் வீட்டில் இருந்தால் பலிக்கும். ஆச்சியிடம் பலிக்கும். பத்திரம் வைத்திருப்பவரிடம் பலிக்காது. கால்பந்து ரசிகர்களின் சிக்கலும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் கோபித்துக்கொள்வது கிளப்பிடம், அதாவது அம்மாவிடம். சேருவதோ வீட்டை வாங்கிய ஆளிடம். மளிகைக் கடை சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பிளாக்பர்ன் ரசிகன் பக்கத்து ஊர் பர்ன்லிக்குப் போவானா? செத்தாலும் மாட்டான். இது முதலாளிக்கும் தெரியும். போகமுடியாதவனின் கோபம் யாரைச் சுடும்? அவனையே சுடும். அதனால்தான் ஜெர்ஸியை எரிக்கிறான், காசு கொடுத்து வாங்கிய சீட்டை விட்டு எழுந்து போகிறான், சொந்த அணியின் ஆட்டத்தையே நிறுத்துகிறான்.

அப்படியானால் எல்லாமே வெறும் நாடகமா? இல்லை. ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே 50+1 என்றொரு விதி உண்டு. கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, பணக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக அள்ளிவிட முடியாது. 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம், டிவி வருமானத்தில் சுமார் 8 சதவீதத்தை இருபது வருஷத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து நூறு கோடி யூரோ அளவில் திரட்டத் திட்டம் போட்டது. 36 கிளப்பில் 24 ஓட்டு வேண்டும். சரியாக 24 விழுந்தது. ரகசிய ஓட்டு. ஹனோவர் கிளப்பின் பிரதிநிதி, தன் கிளப் சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டாரோ என்ற சந்தேகம் கிளம்பியது.

அதன்பிறகு மைதானங்களில் டென்னிஸ் பந்து மழை. பொன்னிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகள். ஓர் ஆட்டத்தில் ரிமோட் கார்களில் புகை கட்டிப் புல்வெளியில் ஓட்டினார்கள்; பாதுகாவலர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பார்ப்பதற்குப் பிளாக்பர்ன் கோழிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் 2024 பிப்ரவரி 21 அன்று லீக் திட்டத்தைக் கைவிட்டது. பந்து வீசியவர்களில் பலர் கிளப்பின் உறுப்பினர்கள், ஓட்டு உள்ளவர்கள். அங்கே அம்மா இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறாள்.

ஓட்டு இல்லாத இங்கிலாந்திலும் ஒருமுறை பலித்தது. 2016 பிப்ரவரி 6, லிவர்பூல். அடுத்த சீசனுக்கு 77 பவுண்டு டிக்கெட் அறிவித்திருந்தார்கள். சண்டர்லேண்டோடு ஆட்டம், லிவர்பூல் 2-0 முன்னிலை. 77-ஆவது நிமிஷத்தில் பத்தாயிரம் பேர் அளவுக்கு எழுந்து வெளியே நடந்தார்கள். மிச்ச நேரத்தில் சண்டர்லேண்ட் இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கிவிட்டது. நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க முதலாளிகள்தான், அம்மா இல்லை. ஆனால் கேட்டது ஒரே ஒரு விஷயம், திருப்பிக் கொடுக்கக்கூடிய விஷயம். அதோடு, காலி நாற்காலிகள் நேரலையில் தெரிந்தன. டிவியில் விற்பது ஆட்டத்தை மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தையும்தான். கொரோனா காலத்தில் ஆளில்லா மைதானத்து ஆட்டங்களுக்கு வீடியோ கேமிலிருந்து ரசிகர் சத்தத்தை எடுத்துப் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? சத்தத்துக்கு விலை உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதை வைத்து 'பலிக்கிற மாதிரி போராடு, மற்றதெல்லாம் கூத்து' என்று முடித்துவிடலாம். ரூம்மேட்டிடம் ஒருமுறை அப்படிச் சொல்லியும் பார்த்தேன். "பலிக்கும்னு தெரிஞ்சா எவன் வேணா பண்ணுவான் மச்சான்" என்றான். அப்போது அதை ஒரு வசனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெரி கதையைப் படித்தபிறகுதான் அதில் இருந்த விஷயம் பிடிபட்டது.

பெரி, மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். கிளப் 1885-இல் தொடங்கியது. 1903-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டெர்பியை 6-0 என்று அடித்த கிளப். 2018 டிசம்பரில் அது ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. கடன் அடைக்கப் பணம் எங்கே என்று லீக் கேட்டது, புதிய முதலாளி காட்டவில்லை. 2019 ஆகஸ்டில் கிளப்பின் முன்னாள் இயக்குநர், ஒரு பெண்மணி, கிக் லேன் மைதானத்துக்கு வந்து தண்ணீர்க் குழாயோடு தன்னை விலங்கு மாட்டிக்கொண்டார். குழாயில் கட்டிக்கொண்டால் கடன் அடையுமா?

ஆகஸ்ட் 27, கடைசிக் கெடு. கிளப்பை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு. சனிக்கிழமை ஆட்டம் நடந்தாலும் நடக்கலாம், மைதானத்தைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று தகவல் பரவியது. நூற்றுக்கணக்கில் வந்தார்கள். துடைப்பம், வாளி, குப்பைப் பை. நாற்காலிகளைத் துடைத்தார்கள், படிகளைக் கூட்டினார்கள். வாங்க வந்தவர்கள் அன்றைக்கே பின்வாங்கினார்கள். இரவு லீக் அறிவித்தது: பெரி நீக்கப்பட்டது. 134 வருஷம் முடிந்தது.

கூட்டியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு கூட்டம் புதிதாக ஒரு கிளப் தொடங்கி அடிமட்ட லீக்கில் ஆடியது. இன்னொரு கூட்டம் மைதானத்தை மீட்கப் பணம் சேர்த்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஆகவில்லை. ஒன்றுசேரலாமா என்று ஓட்டெடுத்தார்கள், தோற்றது. 2023-இல் மறுபடி எடுத்தார்கள், ஜெயித்தது. விலங்கும் துடைப்பமும் கிளப்பைக் காப்பாற்றவில்லை. ஆனால் யார் யார் வருவார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது. ஊரில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது.

ஓடைப் பாலத்துச் சுவரில் தாத்தா கடைசிவரை உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் சின்னத் தாத்தாவும் அங்கே வர ஆரம்பித்தார். வீடு திரும்பவில்லை. அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

2023 கோடையில் பெரி மறுபடியும் கிக் லேனில் ஆட ஆரம்பித்தது. ஒன்பதாவது அடுக்கு லீக். நாலு வருஷம் முன்னால் துடைத்துவைத்த நாற்காலிகளில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் விழுந்த தூசியை மறுபடி யாராவது துடைத்திருப்பார்கள்.