அண்ணன் இல்லாத சுவர்க்கம்

ஒரு மதத்தின் தத்துவத்தைவிட, அந்தத் தத்துவம் பிறந்த வீட்டுத் துக்கத்தைத் தெரிந்துகொள்வதில்தான் எனக்கு ஆசை அதிகம். கதை எழுதுகிறவனின் புத்தி அப்படி!

அமெரிக்காவில் மார்மன் மதத்தை நிறுவிய ஜோஸப் ஸ்மித்துக்கு ஆல்வின் என்று ஓர் அண்ணன். நியூயார்க் மாநிலத்தில் 1823-ல், 25 வயதில் காலமாகிவிட்டார். ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கத்தின்போது பேசிய போதகர், அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று பொருள்படச் சொல்லிவிட்டாராம். அந்தச் சொல் வீட்டாரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

1836-ல் ஜோஸப் ஒரு தரிசனம் கண்டதாகச் சொன்னார். மேலான சுவர்க்கத்தில் அண்ணன் இருந்தார்! சுவர்க்கத்தில் தம்பியரைக் காணாமல் தவித்த தருமபுத்திரரை நாம் அறிவோம். இங்கே தவித்தவர் தம்பி.

மார்மன்களுக்குச் சுவர்க்கம் மூன்று படி: சூரியன், சந்திரன், நட்சத்திரம் போன்ற ஒளி கொண்டவை. பாவிகளுக்கும் கடைசிப் படியில் இடமுண்டு. உண்மையைத் தெளிவாக அறிந்தும் பகைத்த மிகச் சிலருக்கே வெளியிருள். ஆனால் மேற்படி ஏற ஞானஸ்நானம் வேண்டும். அதைப் பெறாமல் செத்தவர் கதி?

இருப்பவர் இறந்தவருக்காக மூழ்கி எழலாம் என்று 1840-ல் ஜோஸப் வழி சொன்னார். ஒரு விதவைத் தாய் மிசிசிப்பி ஆற்றில் தன் மகனுக்காக மூழ்கினாள். அதை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் இஷ்டம் என்கிறார்கள். இறந்தவர்களின் பெயர் தெரிய வேண்டுமே! அதற்காக ஊர் ஊராகப் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து, ஸால்ட் லேக் ஸிட்டி அருகே மலையைக் குடைந்து அந்தச் சுருள்களைப் பாதுகாக்கிறார்கள்.

இந்த அன்பு ஒருமுறை எல்லை கடந்தது. யூதர் என்பதற்காகவே ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் பெயராலும் மூழ்கினார்கள். யூதர்கள் கொதித்தார்கள். நிறுத்துவதாக 1995-ல் ஒப்பந்தமாயிற்று. பிறகும் சில பெயர்கள் நுழைந்து, புகார்கள் வந்தன.

முன்பின் தெரியாத ஒருவர் என் பாட்டனாருக்காக மூழ்கினால் எனக்கும் கோபம் வரும். அவர் எந்த நம்பிக்கையில் கண்ணை மூடினாரோ, அது அவருடைய சொத்து. ஆனால் அந்த விதவைத் தாயைத் தடுக்க என் கை எழாது. பெற்ற வயிறு நரகத்தை ஒப்புக்கொள்ளாது; எந்த மதமும் அதனிடம் கொஞ்சம் தோற்றுத்தான் ஆகவேண்டும்.