பாமாயில் விலையும் எங்க மல்லாட்டையும்

சென்னையிலேருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். “ஐயா, மரச்செக்கு கடலெண்ணெய் லிட்டர் முந்நூறு ரூபாய் சொல்றாங்க. பாக்கெட் எண்ணெய் அதுல பாதி விலைக்குக் கிடைக்குது. நடுவுல யாரு அடிக்கறாங்க கொள்ளை? உங்களுக்காவது அந்தக் காசு வருதா?”

நல்ல கேள்விதான். முதல் பாதிக்குப் பதில் சுலபம். மரச்செக்குல ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்கச் சுமார் ரெண்டரை கிலோ பருப்பு வேணும். நல்லா பொறுக்கின பருப்பு கிலோ 110 ரூபாய்னு வச்சாலே 275 ஆச்சு. பிண்ணாக்கு வித்து வர்ற காசு செக்குக் கூலிக்கும் கரண்டுக்கும் பாட்டிலுக்கும் சரியாப் போகும். அப்புறம் கடைக்காரர் பிழைக்க வேணாமா? அதனால முந்நூறுல கொள்ளை ஒண்ணும் இல்ல. அதே எண்ணெயை 180-க்குத் தர்றேன்னு யாராவது சொன்னா அங்கதான் நீங்க கேள்வி கேக்கணும்.

ரெண்டாவது பாதிக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் நீட்டணும். ஏன்னா என் மல்லாட்டைக்கு என்ன விலைங்கறது செஞ்சியிலயோ சேத்துப்பட்டுலயோ முடிவாகறது இல்ல. எங்க பக்கம் மூட்டை எடுக்கற வியாபாரி ஒருத்தர் இருக்கார். நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். கமிட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி போனை எடுத்துப் பார்ப்பார். “மாமா, மழையா பாக்கறீங்க?”ன்னு ஒரு நாள் கேட்டேன். “மழைய நீ பாரு மாப்ளே, நான் மலேசியாவைப் பாக்கறேன்”னார். கோலாலம்பூர் சந்தையில பாமாயில் விலை ரிங்கிட் கணக்குல ஓடுது. அது எறங்கினா இங்க எண்ணெய் மில்லுக்காரங்க கையைச் சுருட்டிக்குவாங்க, ஏறினா மூட்டைக்கு நூறு எரநூறு கூடும். அவருக்குப் பாமாயில் வியாபாரமே கிடையாது. ஆனா அவர் வியாபாரம் அதைப் பிடிச்சுதான் நிக்குது.

காரணம் ரொம்ப எளிமை. இந்தியா வருஷத்துக்கு 150, 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் வெளியில வாங்குது. நாம சாப்பிடறதுல நூத்துக்கு 55 லேர்ந்து 60 பங்கு கப்பல்ல வர்றதுதான். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலேருந்து, சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசில் பக்கமிருந்து, சூரியகாந்தி ரஷ்யா, உக்ரைன்லேருந்து. பாதிக்கு மேல வெளிச்சரக்கா இருக்கற சந்தையில, உள்ளூர்ச் சரக்கு விலையை வெளிச்சரக்குதானே நிர்ணயிக்கும்?

இதுல ஒரு வேடிக்கை. மல்லாட்டையே ஒரு வெளிநாட்டுச் சரக்குதான். தென் அமெரிக்காவுல பொறந்த செடி. மணிலா வழியா வந்ததால மணிலாக் கொட்டைன்னு பேர் வந்து, அது எங்க வாயில மல்லாட்டை ஆயிடுச்சு. கமிட்டி போர்டுல இப்பவும் “மணிலா”ன்னுதான் எழுதறாங்க. வெள்ளைக்காரன் காலத்துல தென்னாற்காடு மணிலா பாண்டிச்சேரியில கப்பல் ஏறி பிரான்சு தேசத்து மார்சேய் பட்டணத்துக்குப் போச்சு, அங்க எண்ணெய் ஆட்டி சோப்புக்கும் போட்டாங்க. எங்க தாத்தா காலத்துல, 1930-ஐ ஒட்டி உலகம் பூரா பொருளாதாரம் படுத்தப்ப மணிலா விலை ஒரேயடியா சரிஞ்சுது. அவர் அமெரிக்காவைப் பார்த்ததில்ல, பங்குச் சந்தைன்னா என்னன்னு தெரியாது. ஆனா அங்க விழுந்தது இவர் களத்து மேட்டுல வந்து விழுந்துது. உலகமயமாக்கல்ங்கற வார்த்தையை டிவியில கேக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது மூணு தலைமுறையாப் பழக்கம்.

நான் மம்பட்டி பிடிச்ச காலத்துல நிலைமை வேற. 1986-ல மத்திய அரசு எண்ணெய் வித்துக்குன்னு ஒரு தொழில்நுட்ப இயக்கம் ஆரம்பிச்சுது. விதை, விலை ஆதரவு, இறக்குமதிக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து வந்துது. வெளிநாட்டு எண்ணெயை அரசு நிறுவனம் மட்டும்தான் வாங்கலாம். 1990-கள் தொடக்கத்துல நாடு கிட்டத்தட்ட தன் காலிலேயே நின்னுது, இறக்குமதி ரொம்பச் சொற்பம். எங்க ஊர்ல திண்டிவனத்து டி.எம்.வி. ரகம் போடாத கொல்லையே கிடையாது. தமிழ்நாட்டுல அப்ப சுமார் 10 லட்சம் ஹெக்டேர்ல மல்லாட்டை. இப்ப 4 லட்சத்தைச் சுத்திதான்.

1994-ல பாமாயிலை யார் வேணா இறக்கலாம்னு திறந்துவிட்டாங்க, வரி 65 சதவீதம். அடுத்த வருஷமே தேங்காய் எண்ணெய் மாதிரி சிலது தவிர மத்த எண்ணெய்க்கும் கதவு திறந்து வரி 30 ஆச்சு. 1998-ல 15. நாலு வருஷத்துல 65 லேர்ந்து 15. உலக வர்த்தக அமைப்புல கையெழுத்துப் போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு மேடையில பேசறவங்க உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஆனா அந்த ஒப்பந்தப்படி பாமாயிலுக்கு 300 சதவீதம் வரைக்கும் வரி போட நமக்கு உரிமை இருந்துது. சோயா எண்ணெய்க்குத்தான் 45-ன்னு கட்டு. ஆக, பாமாயில் வரியைக் குறைச்சது ஜெனீவா இல்ல, டெல்லி. எதிரி வெளியில இருக்கான்னு நினைச்சுக்கறது நமக்கு எப்பவும் வசதி.

அதுக்காக எல்லாப் பழியையும் பாமாயில் தலையில கட்டறதும் நியாயம் இல்ல. போர் போட்டவங்க நெல்லுக்கும் கரும்புக்கும் போயிட்டாங்க. ரோட்டோரக் கொல்லை பிளாட் ஆச்சு. மல்லாட்டை புடுங்கவும் ஆயவும் ஆள் கிடையாது, கிடைச்சாலும் கூலி கட்டாது. மானாவாரியில சிவப்புக் கம்பளிப்புழு ஒரு ராத்திரியில கொல்லையைக் காலி பண்ணிட்டுப் போகும். இன்னொண்ணு, பாமாயில் மலிவா இருக்கறது ஏமாத்து வேலையும் இல்ல. ஒரு ஹெக்டேர் பனை மூணு டன்னுக்கு மேல எண்ணெய் கொடுக்கும். நான் தண்ணி பாய்ச்சி நல்லா விளைய வச்சாலும் என் மல்லாட்டை ஹெக்டேருக்கு முக்கால் டன் எண்ணெய் தாண்டறது பெரிய விஷயம். அந்த மரத்தோட போட்டி போட்டு ஜெயிக்க என்னால முடியாது, யாராலயும் முடியாது.

என் வீட்டுலயும் ரேஷன் பாமாயில் வருது. கார்டுக்கு லிட்டர் 25 ரூபாய். மல்லாட்டை விளையற வீட்டுல வடை சுடறது அதுலதான், கடலெண்ணெய் தாளிக்க மட்டும். கூலிக்குப் போற குடும்பத்துக்கு அந்த 25 ரூபாய் எண்ணெய் எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அதை நிறுத்துன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல.

எனக்கு ஆத்திரம் வர்றது வேற இடத்துல. வரி ஏறி எறங்கற விதம்.

2021 அக்டோபர்ல கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படை வரியைச் சுழியம் ஆக்கினாங்க. அப்புறம் 2022 பிப்ரவரியில உக்ரைன் சண்டை, சூரியகாந்தி வரத்து அறுந்துது. ஏப்ரல் 28-ல இந்தோனேசியா தன் நாட்டு ஜனங்களுக்கு எண்ணெய் பத்தலைன்னு பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திட்டுது. மே 23-ல திரும்பத் திறந்தாங்க. ஒரு மாசம்கூட இல்ல. அதுக்குள்ள இங்க மளிகைக்கடை ஆடிப் போச்சு. சூரியகாந்தி எண்ணெய் கடலெண்ணெய் விலையைத் தொட்டுது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், நகரத்துல எல்லாரும் எண்ணெய் விலையைப் பத்திப் பேசினீங்க. எங்களுக்கு ரெண்டு பட்டம் நல்ல விலை. அப்புறம் உலக விலை எறங்குச்சு, வரி சுழியத்துலயே நின்னுது, எங்க விலையும் கூடவே எறங்குச்சு.

2024 செப்டம்பர் 14-ல கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரி 20 சதவீதம் போட்டாங்க. மேல்வரியெல்லாம் சேர்த்து 5.5 லேர்ந்து 27.5. புரட்டாசி அறுவடைக்கு முன்னாடி வந்ததால கமிட்டியில கொஞ்சம் உசுரு வந்துது. சரி, இனிமே நிக்கும்னு நம்பினோம். 2025 மே 28-ல மல்லாட்டைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 480 ரூபாய் ஏத்தி 7,263-ன்னு அறிவிச்சாங்க. செய்தியில விவசாயிகளுக்கு நல்ல சேதின்னு வந்துது. ரெண்டே நாள் கழிச்சு, மே 30-ல, கச்சா எண்ணெய் வரியைப் பாதியாக் குறைச்சாங்க, 20 லேர்ந்து 10. விலை ஏறட்டும்னு ஒரு கையால எழுதி, எறங்கட்டும்னு இன்னொரு கையால எழுதினது மாதிரி. நான் அப்ப ஆனிப் பட்டத்துக்குக் கொல்லையை ஓட்டிப் போட்டுட்டு விதைப் பருப்பு உடைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தப் பட்டம் முடிஞ்சு அறுவடைக்கு வர்ற நேரத்துல இன்னொரு அடி. நாம பாமாயில் வாங்கற அதே இந்தோனேசியாதான் நம்ம கடலைப் பருப்பை அதிகமா வாங்கற நாடும். மணிலா இருக்கற பிலிப்பைன்ஸும் வாங்குது, வந்த வழியே திரும்பிப் போகுதுன்னு வச்சுக்குங்க. 2025 செப்டம்பர்ல இந்தோனேசியா நம்ம கடலையை நிறுத்தி வச்சுது. அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம், ஈரம் போகாத கடலையில பூஞ்சணம் பிடிச்சா வர்றது. அவங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். அறுவடையப்ப மழை பிடிச்சா எங்களுக்குக் காய வைக்க இடமே இல்ல, தார் ரோட்டுலதான் கொட்டறோம். ஒரு ஊருக்கு ஒரு சிமென்ட் களமும் ரெண்டு உலர்த்தற மிஷினும் இருந்தா அந்தத் தடையில பாதி வந்திருக்காது. குஜராத்துல ஆதார விலைக்குக் கீழே போயி, அரசே இறங்கிக் கொள்முதல் பண்ணுச்சு. எங்க பக்கம் அந்த விலைக்கு வாங்க ஆள் வந்து நான் பார்க்கலை.

என் கணக்கைச் சொல்லிடறேன். நாப்பது கிலோ காய் மூட்டைக்கு ஆதார விலைப்படி 2,905 ரூபாய் வரணும். எனக்குக் கிடைச்சது 2,450. ஒரு ஏக்கர்ல 19 மூட்டை, ஆக 46,550. விதை, உழவு, ஜிப்சம், களை, புடுங்க, ஆய, வண்டி எல்லாம் சேர்த்து 34,000 போச்சு. நானும் வீட்டுலயும் நூத்தி அஞ்சு நாள் உழைச்சதுக்கு மிஞ்சினது பன்னெண்டாயிரத்துச் சொச்சம். கொடி மாட்டுக்கு ஆச்சு, அது தனி. நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

வரியே போடாதேன்னோ, கப்பலை நிறுத்துன்னோ நான் கேக்கலை. பாமாயில் உலக விலை எறங்கினா வரி தானா ஏறட்டும், உலக விலை ஏறினா தானா எறங்கட்டும். ஆதார விலையை ஒட்டி ஒரு கோடு கிழிச்சு, விதைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ரேஷன்ல மாசம் கால் லிட்டராவது கடலெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்து கொடுங்க. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிங்க ரொம்ப நாளா இதைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. எண்ணெய்ப் பனை வளர்க்க 2021-ல 11,040 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டாங்க. 2024-ல எண்ணெய் வித்துக்கு 10,103 கோடிக்கு இன்னொண்ணு. பணம் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த ரெண்டு வருஷ விலையைப் பார்த்தவன், விதை இலவசமாக் கொடுத்தாலும் யோசிப்பான்.

பட்டணத்துல இருக்கற உங்களுக்கு ஒண்ணு. பாக்கெட் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீங்க, பின்பக்கத்தைப் படிங்க. கலப்பு எண்ணெய்னு போட்டிருந்தா, சட்டப்படி அதுல ஒரு எண்ணெய் நூத்துக்கு இருபதுதான் இருந்தாலும் போதும். கடலைப் படம் இருக்கேன்னு நினைச்சு நீங்க வாங்கினது என் கொல்லையிலேருந்து வந்ததா இருக்காது.

இப்ப மார்கழிப் பட்டம் கிட்ட வருது. கிணத்துல தண்ணி இருக்கு. பக்கத்துக் கொல்லைக்காரர், எனக்கு அண்ணன் முறை, போன வாரம் ரெண்டு ஏக்கர்லயும் சவுக்கு நட்டுட்டார். மூணு நாலு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம், ஆள் தேட வேணாம். காகித மில்லுக்குப் போகும். “நீயும் நட்டுடுடா தம்பி, எதுக்கு இந்த வயசுல குனிஞ்சுக்கிட்டு?”ங்கறார். பையன் பெங்களூர்லேருந்து போன் பண்ணி அதையேதான் சொல்றான். வீட்டுல மட்டும், சவுக்கு வச்சா மாட்டுக்குக் கொடி எங்கேருந்து வரும்னு கேக்கறாங்க. மேட்டு ஏக்கருக்குச் சவுக்கு நாத்து சொல்லி வச்சிருக்கேன். கிணத்தடி ஏக்கருக்கு எழுபத்தஞ்சு கிலோ விதைப் பருப்பு வேணும். நாலு பொம்பளையாளு திண்ணையில உக்காந்து உடைச்சுக்கிட்டிருக்காங்க, இன்னும் ரெண்டு மூட்டை பாக்கி இருக்கு.