வாடகைக்குக் கிடைத்த காதல்கள்

அம்பத்தூர் அப்போது சென்னைக்குள் வரவில்லை. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தபாலுக்கு மட்டும் நாங்கள் சென்னை-53. மற்ற எல்லாவற்றுக்கும் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் டி.ஐ. சைக்கிள்ஸுக்கும் டன்லப்புக்கும் பாடி லூகாஸ் டி.வி.எஸ்ஸுக்கும் ஷிஃப்ட் போனார்கள். படித்து முடித்த அக்காக்கள், படிப்பை நிறுத்திய அக்காக்கள் எல்லோரும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் போனார்கள். சாயங்காலம் எஸ்டேட் பக்கமிருந்து சாரிசாரியாக வரும் அந்தப் பெண்களின் டிபன் பைக்குள், காலி டப்பாவுக்குப் பக்கத்தில், பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். அநேகமாக அது ரமணிசந்திரனின் காதல் நாவல்.

மாவு மில்லுக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்ற லெண்டிங் லைப்ரரியிலிருந்து வந்த புத்தகம் அது. முன்பணம் கட்டிச் சேர வேண்டும். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. மிளகாய் அரைக்கும் நாளில் உள்ளே நுழைந்தால் தும்மல் நிற்காது. அருணோதயம் வெளியீடுகள் ஒரு வரிசை, ராணி முத்து, மாலைமதி ஒரு வரிசை. இவை போக, வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. அவற்றில் கதைக்கு நடுவே பழைய தீபாவளிப் புடவை விளம்பரமும் பாதி வெட்டுப்பட்ட சமையல் குறிப்பும் வரும். எனக்கு அவைதான் மிகவும் பிடிக்கும். கடைத் தாத்தா மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்: "பாப்பா, இது நேத்துதான் திரும்பி வந்துது. அம்மா கேட்டாங்கன்னு எடுத்து வெச்சேன்."

தலைப்பை வைத்துப் படித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொருத்தரும் உள்ளே ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். அம்மா ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சின்னப் பூ வரைவாள். எங்கள் தெருப் பெண்கள் யார் யார் எதைப் படித்தார்கள் என்ற கணக்கு அந்தப் பக்கங்களில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'சூப்பர்', 'அழுதுவிட்டேன்' என்று முகம் தெரியாத கையெழுத்துகளும் இருக்கும்.

பாட்டிக்கு இதெல்லாம் புதிதில்லை. அவள் காலத்தில் வை.மு. கோதைநாயகி. 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி, 115 நாவல்கள் எழுதிய அம்மையார். அம்மா லட்சுமியையும் சிவசங்கரியையும் படித்துவிட்டு ரமணிசந்திரனுக்கு வந்தவள். 1970-களிலிருந்து 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவரை எந்த இலக்கியப் பட்டியலும் சேர்த்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. ஆனால் 'வளையோசை', 'மயங்குகிறாள் ஒரு மாது', 'வெண்மையில் எத்தனை நிறங்கள்' என்று பேர் சொன்னால் போதும், என் வயதுப் பெண்கள் இன்றும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அப்படி என்னதான் இருந்தது? பதினான்கு பதினைந்து வயதில் எங்களை யாரும் கவனித்துப் பார்த்ததில்லை. அப்பா மார்க் ஷீட்டைப் பார்ப்பார். அம்மா துப்பட்டாவைப் பார்ப்பாள். ஒற்றை அறையும் அடுப்படியும் கொண்ட போர்ஷனில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்க வேண்டும் என்பதற்காகப் பகலெல்லாம் குரலைத் தாழ்த்தியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கதைகளிலோ ஒருவன், அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்கிறான். எந்த நிறப் புடவை அவளுக்குப் பொருந்துகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. அவள் முகம் வாடினால் ஏன் என்று கேட்கிறான். பெரிய பங்களாவும் காரும் இரண்டாம்பட்சம்தான். தன்னை ஒருவர் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்ற பசியை அந்த எழுத்து அறிந்திருந்தது. அதைச் சிறுமையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை.

இன்னொன்று, அந்த நாயகிகள் வாய் திறந்து பேசினார்கள். ஏழையாக இருந்தாலும் பணக்காரனை நேருக்கு நேர் பார்த்து, "உங்கள் பணம் எனக்கு வேண்டாம்" என்கிற தோரணையில் நின்றார்கள். அந்தத் தன்மானம் எங்களுக்கு வேண்டியிருந்தது. மொழியும் தெளிந்த, சுத்தமான தமிழ். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கத் திணறிய என் வகுப்புத் தோழி, ஒரே ராத்திரியில் முழு நாவலையும் முடித்துவிட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை பிசகாமல் கதை சொல்வாள். அவளைத் தமிழ் படிக்க வைத்தது அந்த நாவல்தான்.

ஆனால் அந்தக் கதைகள் ஊட்டிய நஞ்சையும் சொல்ல வேண்டும். நாயகன் முதலில் அவளைச் சந்தேகப்படுவான். பணத்துக்காக வந்தவள், வேறொருவனோடு பழகியவள் என்று யாரோ சொன்னதை நம்பி, சொல்லால் குத்துவான். சில கதைகளில் கையையும் ஓங்குவான். கடைசியில் உண்மை வெளிவரும். "உன் மேலிருந்த காதலால்தான் அப்படிக் கோபப்பட்டேன்" என்பதாக ஒரு சமாதானம். அவள் உருகிப்போவாள், கூடவே நாங்களும். உதட்டுச் சாயம் பூசிய, முடியை வெட்டிக்கொண்ட பெண் வந்தாலே அவள்தான் வில்லி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லே வராது. அது இல்லாத ஊரில் நடப்பதுபோல எல்லாம் நடக்கும். அலுவலகத்தில் கெட்டிக்காரியாக வேலை பார்த்தவள் தாலி ஏறியதும் அந்த மேசைக்குத் திரும்பிப் போகிறாளா என்று கதை கவலைப்படாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஓர் இடம் வந்தது. பையன் ஆவடி டேங்க் ஃபாக்டரியில் வேலை. நிச்சயம் பேசிய பிறகு ஒரு நாள், அவள் கம்பெனி வாசலில் வந்து நின்றான். எந்த பஸ்ஸில் வருகிறாய், சூப்பர்வைசரோடு என்ன பேச்சு, ஏன் சிரித்தாய் என்று கேட்டிருக்கிறான். எங்களுக்கு அதைக் கேட்டதும் ஒரே பரவசம். "அக்கா, அப்படியே ரமணிசந்திரன் ஹீரோ!" என்றோம். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "கதையில அவன் ஏன் கத்துனான்னு கடைசிப் பக்கத்துல தெரிஞ்சுடும்டி. இங்க எனக்குக் கடைசிப் பக்கத்த யாரு காட்டுவா?" என்றாள். அந்த இடம் அமையவில்லை. அவள் செக்கிங் செக்‌ஷனில் தொடர்ந்து வேலைக்குப் போனாள், படிப்பதையும் விடவில்லை. பூவும் வரைந்துகொண்டுதான் இருந்தாள்.

அவள் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது, பின்னாளில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படித்தபோது. 1813-இல் வந்த அந்த நாவலிலும் கர்வம் பிடித்த பணக்காரன், வசதி குறைந்த தன்மானக்காரி, நடுவில் தப்பர்த்தம் என்று நம் கதைகளின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் நாயகி எலிசபெத், நாயகன் டார்சியை முதலில் வேண்டாம் என்கிறாள். டார்சி தன்னைத் திருத்திக்கொண்டு திரும்பி வருகிறான். நம் கதைகளில் நாயகன் மாறுவதில்லை, நாயகி தன்னை நிரூபிக்கிறாள். அந்த ஓர் இடத்தில்தான் கதை பெண்ணைக் கைவிடுகிறது.

பள்ளியில் எங்கள் தமிழ் டீச்சருக்கு இந்தக் குறை அப்போதே தெரிந்திருந்தது. மடியில் விரித்து வைத்திருந்த நாவலைப் பார்த்தவர், பிடுங்கவில்லை. கிளை நூலகத்தில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது, அதையும் எடுத்துப் படி என்றார். தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெடிக்க உழைக்கும் பெண்களின் கதை. முதல் முறையாக ஒரு நாவலில், சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து திரும்பும் முகங்களைப் பார்த்தேன். அதற்காக ரமணிசந்திரனை நான் விட்டுவிடவில்லை. இரண்டையும் படித்தேன். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன.

அந்த லெண்டிங் லைப்ரரி இன்று இல்லை. ஆவடி லோக்கலில் பள்ளிப் பெண்கள் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள்; எட்டிப் பார்த்தால் அதே கோபக்கார நாயகன், அதே பங்களா. உங்கள் வீட்டுப் பெண்ணும் படித்துக்கொண்டிருப்பாள். தயவுசெய்து பிடுங்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேளுங்கள். அவன் கை ஓங்கிய இடம் வரும்போது, "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.