பெயர்ச்சீட்டும் உருகுநிலையும்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாக நுழையும் மாணவன் முதலில் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. புட்டியின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு சான்றாகாது என்பதே அது. 'பென்சாயிக் அமிலம்' என்று சீட்டு கூறலாம். பொருள் தூயதாயின் ஏறத்தாழ 122 பாகை செல்சியசில் உருகவேண்டும். மாசு கலந்திருப்பின் அதற்கு முன்னரே உருகத் தொடங்கிவிடும். ஒரு பொருள் தன்னைப்பற்றிக் கூறிக்கொள்வதை விடுத்து, வெளியிலிருந்து ஓர் அளவுகோல் கொண்டு பார்ப்பதே அறிவியல் வழி.

கூடத்தில் இவ்வழியைப் போற்றும் நாம், கைப்பேசியை எடுத்ததும் அதை மறந்துவிடுவது ஏன்?

நான் இத்தலைநகருக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் விடுதியில் முதலாண்டுத் தம்பியர் சிலருக்குக் கட்டுரை எழுதத் துணைசெய்கிறேன். "இந்த வலைத்தளத்தை எப்படி நம்பினாய்?" என்று கேட்டால், "பார்க்க நன்றாக இருக்கிறது, அண்ணா. முகவரி ஓஆர்ஜி என்று முடிகிறது. பூட்டுச் சின்னமும் இருக்கிறதே!" என்பார்கள். ஓஆர்ஜி என்னும் ஈற்றை இன்று எவரும் பணங்கட்டிப் பெறலாம். பூட்டுச் சின்னமோ, நமக்கும் தளத்துக்கும் இடையே பிறர் ஒட்டுக்கேட்க இயலாது என்பதை மட்டுமே குறிக்கும். பேசுபவர் மெய் பேசுகிறாரா என்பதை அது சொல்லாது. இரண்டும் வெறும் பெயர்ச்சீட்டுகளே.

இதற்காகத் தம்பியரை நகைப்பது முறையன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்று முனைவர் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர் 25 பேர் ஆகியோரைச் சில தளங்களை மதிப்பிடச் செய்தனர். முனைவரும் மாணவரும் பக்கத்தை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தனர். அழகிய சின்னத்தையும் முகவரியையும் கண்டு பலர் ஏமாந்தனர். சரிபார்ப்போரோ விரைவிலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, அத்தளத்தைப்பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடினர். குறைவாகப் படித்தனர், விரைவாக உண்மை கண்டனர்.

இது கட்டுரை மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. சென்ற ஆண்டு ஒருநாள் இரவு திருநெல்வேலித் தம்பி ஒருவன் முகம் வாடி வந்தான். அவனுடைய பதினொரு வயதுத் தங்கைக்கு முதல் வகை நீரிழிவு. ஒரு சூரணத்தை உண்டால் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடலாம் என்று கூறும் பக்கமொன்றை அவன் தாய் அனுப்பியிருந்தார். நாள்தோறும் மகளுக்கு ஊசி குத்தும் தாய், அதை நம்ப விரும்பியதில் வியப்பென்ன? ஆனால் அந்நோயில் உடல் தனக்கு வேண்டிய இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் அப்பக்கத்தோடு வாதாடவில்லை. வெளியே வந்து அதன் பெயரைத் தேடினோம். சூரணத்தை விற்பவரும் தளத்தை நடத்துபவரும் ஒருவரே என்பது சில நிமிடங்களில் தெரிந்தது. தம்பி தொலைபேசியில் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. "அம்மா, இதை எழுதினவங்களேதான் சூரணத்தையும் விக்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டிக் கேட்போம். அதுவரைக்கும் ஊசியை மட்டும் நிறுத்திராதம்மா" என்றான். தாய் ஊசியை நிறுத்தவில்லை.

எல்லாத் தளங்களையும் ஐயுறவேண்டும் என்று நான் கூறவில்லை. அனைத்தையும் நம்புவதும் அனைத்தையும் மறுப்பதும் ஆராயாமைதானே! யார் நடத்துகிறார், அவருக்கு இதில் ஆதாயம் என்ன, தொடர்பற்ற பிறர் என்ன சொல்கின்றனர் என்னும் மூன்று கேள்விகளே போதும். அவற்றின் விடையைப் பக்கத்துக்கு வெளியே தேடவேண்டும்.

தோழர்களே, நம்மை இவ்வளவு தொலைவு படிக்க அனுப்பிய வீட்டார், தங்கள் ஐயங்களை நம்மிடமே அனுப்புகின்றனர். 'படித்த பிள்ளை சொன்னால் சரி' என்று நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நாம் செலுத்தக்கூடிய கடன், விடை சொல்லுமுன் சில நிமிடங்கள் செலவிடுவதே.