நியூ மார்க்கெட்டில் பூத்த வெண்ணெய் ரோஜா

லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் நம்மவர்க்கு வாழையிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆயினும் பிறந்தநாள் கேக் என்று வந்துவிட்டால், நமது குமாரிக்கு நியூ மார்க்கெட்டைத் தவிர வேறு இடம் பிடிப்பதில்லை. சென்ற மே மாதம், அலுவலக விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலையில், காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி நாம் மூவரும் அவ்விடம் சென்றோம்.

இச்சந்தை 1874இல் திறக்கப்பட்டது. பாக்தாத் யூதர் ஒருவர் 1902இல் தொடங்கிய நாகூம் ரொட்டிக்கடை 1916 முதல் இதற்குள்தான் இருக்கிறது. அதன் பிளம் கேக்கைச் சுவைக்காத அன்பர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவசியம் சென்று வாருங்கள். நாம் நாடிச் சென்றது பெயர்ப்பலகையே மங்கிப்போன வேறொரு சிறு கடை. முந்திய ஆண்டு வேறோரிடத்தில் வாங்கிய கேக்கின் ரோஜாக்கள் வீடு சேர்வதற்குள் சரிந்து, பெயரையும் மூடிவிட்டன. குழந்தை அன்று அழுத அழுகையை மறக்க முடியவில்லை. ஆகவே இம்முறை எதிரே நின்று செய்வித்துக்கொள்வதென்று நமது இல்லத்தரசி தீர்மானித்துவிட்டாள்.

கடைக்காரப் பெரியவரை எல்லோரையும் போல் நாமும் 'தாதா' என்றே அழைத்தோம். ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரு பங்கு பொடித்த சர்க்கரை சேர்த்து, வெளுக்கும்வரை அடித்து வைத்திருந்தார். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். கொல்கத்தாவின் மே மாதப் பகலோ அதையும் தாண்டும். இதனால் பலர் வனஸ்பதி போன்ற கொழுப்பைச் சேர்க்கின்றனர். பூ சரியாது, ஆனால் மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டிக்கொள்ளும். நாம் வெண்ணெயே வேண்டுமென்றோம். "அப்படியானால் வழியில் எங்கும் நிற்காமல் போய்விடுங்கள்" என்றார் தாதா. கைச்சூடு பட்டாலும் இளகிவிடும் என்பதால் கூம்புப் பையில் பாதியளவே நிரப்பினார்.

இடக்கையில் தட்டைத் தலையுடைய பெரிய ஆணி ஒன்று. அதன்மேல் நடுமொட்டைக் கூம்பாகப் பிழிந்து, ஆணியை விரல்களால் உருட்டிக்கொண்டே சுற்றிலும் முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு இதழ்கள் வைத்தார். குழல்முனையின் பிளவு ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும். அகன்ற புறம் கீழே நிற்பதால்தான் இதழின் அடி தடித்து, விளிம்பு மெலிகிறது. முடிந்த பூவைக் கத்தரிக்கோலால் அலுங்காமல் ஏந்திக் கேக்கின்மேல் அமர்த்தினார். ஓரத்துக்கு நட்சத்திர முனை. "நம் முள்ளு முறுக்கு அச்சேதான்!" என்று இல்லத்தரசி வியந்தாள். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்து நொந்த கை அல்லவா!

பிறகு பெயர். தமிழில்தான் எழுத வேண்டுமென்று நாம் ஒரு தாளில் எழ்திக் கொடுத்தோம். தாதாவுக்குத் தமிழ் தெரியாது. "கோடுதானே, போட்டுவிடலாம்" என்று மெல்லிய முனையை மாட்டினார். முனை கேக்கைத் தொடவில்லை. சற்று மேலிருந்து வெண்ணெய் இழையாக இறங்கிப் படிந்தது, இழைக்கோலம் இடுவது போல். இறுதி எழுத்தான 'ழி'யை வாலிலிருந்து தொடங்கி மேலேறி, கொக்கியை ஒரு கொடியாகச் சுருட்டி முடித்தார். எழுத்து பழுதில்லை.

"சரியாக இருக்கிறதா, மா?" என்று குமாரியைக் கேட்டார். வங்காளத்தில் சிறு பெண்களை இப்படித்தான் அழைப்பார்கள். அவள் விழித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதாகிறது. வங்காளியும் ஆங்கிலமும் படிக்கிறாள். தன் பெயரைத் தமிழில் படிக்கத் தெரியாது. வார விடுமுறையில் கற்பிப்போம் என்று நாம் தள்ளிப்போட்ட வாரங்கள் எத்தனையோ! ஃபேர்லி பிளேஸ் அலுவலகத்துக் கோப்புகளைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைவாசலில் அது செல்லவில்லை. "சரிதான்" என்று நாமே அவளுக்காகப் பதில் சொன்னோம்.

மெட்ரோவின் குளிர்சாதனப் பெட்டி ரோஜாக்களைக் காப்பாற்றியது. மாலையில் விருந்தினர் கூடினர். குமாரி கத்தியைப் பெயரின்மேல் வைக்க ஒப்பவில்லை. ஓரங்களை மட்டுமே வெட்டிக் கொடுத்தாள். எல்லோரும் போனபின், மிஞ்சிய துண்டைக் குளிர்பெட்டியில் வைக்கப் போன நம்மை நிறுத்தி, அந்த 'ழி'யின்மேல் விரல் படாமல் காற்றில் ஒருமுறை வளைத்துப் பார்த்தாள்.

"அப்பா, தாதா கீழேயிருந்து எழுதினார். நீங்கள் எங்கேயிருந்து தொடங்குவீர்கள்?"

தாளும் பென்சிலும் எடுத்து வரச் சொன்னோம்.